கிழவர்கள் செத்தால்தான் கொள்கை மாறுமா?

வாசகர் ஒருவர், மார்ச் 3, 2024

புதிய அறிவியல் உண்மை எதிராளிகளை மனம் மாற்றி வெல்வதில்லை, எதிராளிகள் செத்துத் தீர்ந்து புதிய தலைமுறை அதற்குப் பழகி வளர்வதால்தான் வெல்கிறது என்ற பொருளில் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் எழுதியிருக்கிறார். அப்படியானால் "அறிவியல் சிந்தனை மாறுகிறது" என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. மாறுவது ஆள்தான். மறுக்க முடியுமா?

மார்ச் 4

மறுக்க என்ன இருக்கிறது? 1978 முதல் 2012 வரை 34 ஆண்டு பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். என் பாடத்திலேயே இது நடந்தது. ஆல்ஃபிரட் வெகனர் என்ற ஜெர்மானியர், தொழிலால் வானிலை ஆய்வாளர், 1912 ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் எழுந்து நின்று கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1915இல் புத்தகமும் போட்டார். நிலவியலாளர்கள் சிரித்தார்கள். 1926இல் நியூயார்க்கில் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர்கள் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு கூட்டிச் சிரித்தார்கள். 1930இல் அவர் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். 1960களில் உலகமே ஒப்புக்கொண்டது. இடையில் என்ன நடந்தது? சிரித்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கணக்கு நேர்.

1970இல் நான் கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யூ.சி. படித்தபோதுகூட எங்களுக்குச் சொல்லித்தந்தது, பூமி ஆறிச் சுருங்குகிறது என்றுதான். "வாடிய கத்தரிக்காயைப் பார், தோல் எப்படிச் சுருங்குகிறது? அதுதான் இமயமலை" என்பார் பேராசிரியர். ஐரோப்பியப் புத்தகங்களில் ஆப்பிள் இருந்த இடத்தில் அவர் கத்தரிக்காயை வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கண்டப்பெயர்ச்சிக்கு அரைப் பக்கம், பாடத்தின் வாலில். தேர்வில் வராது என்று அடிக்கோடு போடாமல் விட்டோம். இத்தனைக்கும் ரேடியம் வெப்பத்தைக் கக்குகிறது என்பது 1903இலேயே அளக்கப்பட்டு, ஆறிக்கொண்டே போகும் பூமி என்ற இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் கணக்கு அன்றே கவிழ்ந்துவிட்டது. 67 ஆண்டு கழித்தும் எங்கள் வகுப்பில் கத்தரிக்காய் வாடிக்கொண்டிருந்தது.

மார்ச் 5

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

இரவு படுத்தபிறகு, சிரித்தவர்களின் வயதைக் கூட்டிப் பார்த்தேன். வெகனருக்கு எதிராக இருந்ததிலேயே பெரிய தலை கேம்பிரிட்ஜின் ஹரால்டு ஜெஃப்ரீஸ். 1891இல் பிறந்தவர். கண்டமும் கடலடியும் பெரிய பாளங்களாக நகர்கின்றன என்ற புவித்தட்டுக் கொள்கை 1968க்குள் நிலைபெற்றுவிட்டது. ஜெஃப்ரீஸ் இறந்ததோ 1989இல், 97 வயதில். கடைசிவரை ஏற்கவில்லை. பிளாங்க் சொன்னபடி பார்த்தால் கொள்கை அவருக்காக வாசலில் காத்திருந்திருக்க வேண்டும். யாரும் காத்திருக்கவில்லை. அவர் பாட்டுக்கு மறுத்துக்கொண்டிருந்தார், மற்றவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்கள்.

மறுபக்கம் கனடாவின் டூசோ வில்சன். 1908இல் பிறந்தவர், ஐம்பது வயதுவரை சுருங்கும் பூமிக் கட்சி. 1960ஐ ஒட்டி மாறினார். மாறியதோடு நிற்காமல் 1965இல், கடலடியில் இரண்டு பாளங்கள் பக்கவாட்டில் உரசி நழுவும் பிளவுகளை விளக்கி, "தட்டு" என்ற எண்ணத்துக்கே விளிம்பு வரைந்து கொடுத்தார். அப்போது அவருக்கு 56. நாமெல்லாம் பென்ஷன் கணக்குப் போடும் வயது.

சாகாதவரை ஒதுக்கிவிட்டுக் கொள்கை போயிருக்கிறது. சாக வேண்டிய வயதை நெருங்கியவர் கொள்கையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பிளாங்கின் வாக்கியம் என் முதல் உதாரணத்திலேயே நொண்டுகிறது.

மார்ச் 5, இரவு

விட்டுப்போனது ஒன்று. 1930 நவம்பர் 1ஆம் தேதி, ஐம்பது வயது நிறைந்த அன்று, பனிப்பாலைவனத்தின் நடுவில் இருந்த முகாமிலிருந்து வெகனர் கரைக்குக் கிளம்பினார். கூடப் போனவர் ராஸ்முஸ் வில்லும்சென் என்ற கிரீன்லாந்து இளைஞர். அடுத்த ஆண்டு மே மாதம் வெகனரின் உடல் கிடைத்தது, ஒழுங்காகப் போர்த்திப் புதைக்கப்பட்டு. புதைத்த வில்லும்சென் கிடைக்கவேயில்லை. 34 ஆண்டில் அந்தப் பெயரை நான் வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மார்ச் 9

"ஆக, ஜெஃப்ரீஸ் ஒரு பிடிவாதக்காரர், அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அவ்வளவு இல்லை. நானும் அப்படி நினைத்துத்தான் பல வருடம் அவரை வில்லனாக நடத்தினேன். வகுப்பில் வில்லன் இல்லாவிட்டால் பையன்கள் தூங்கிவிடுவார்கள்.

வெகனர் என்ன சொன்னார் என்று பாருங்கள். கண்டங்களை எது தள்ளுகிறது? பூமியின் சுழற்சியால் துருவத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கி ஒரு தள்ளுவிசை, கடல் ஏறி வற்றக் காரணமான சூரிய சந்திரரின் ஓத இழுவிசை, இரண்டும் சேர்ந்து என்றார். ஜெஃப்ரீஸ் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்த விசைகள் பல லட்சம் மடங்கு போதாது. கண்டத்தைத் தள்ளும் அளவுக்கு ஓதவிசை இருந்தால் ஓர் ஆண்டுக்குள் பூமியின் சுழற்சியே நின்றுபோகும். இந்தக் கணக்கில் ஒரு தவறும் இல்லை. இன்றும் இல்லை.

அடுத்து வேகம். கிரீன்லாந்து ஐரோப்பாவைவிட்டு ஆண்டுக்குப் பத்து மீட்டர், முப்பது மீட்டர் என்ற கணக்கில் விலகுவதாக, பழைய தீர்க்கரேகை அளவீடுகளை ஒப்பிட்டு வெகனர் காட்டினார். உண்மையான வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். ஆயிரம் மடங்கு பிசகு! அளவீட்டுப் பிழையை நகர்வு என்று எண்ணிவிட்டார்.

ஒரு வானிலைக்காரர் வருகிறார். விசை தப்பு, வேகம் தப்பு, ஆனால் முடிவு மட்டும் சரி என்கிறார். நான் அன்று நியூயார்க் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் யார் பக்கம் கை தூக்கியிருப்பேன்? சத்தியமாக ஜெஃப்ரீஸ் பக்கம்.

அதற்குச் சில ஆண்டு முன்பு, 1922இல் நடந்த வேறொரு நிலவியல் கூட்டத்தில் ஒருவர், இதை நம்ப வேண்டுமானால் எழுபது ஆண்டாகப் படித்ததையெல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்று அங்கலாய்த்ததாகப் பதிவாகியிருக்கிறது. கேலியாகச் சொன்னது. கடைசியில் அதைத்தான் செய்ய வேண்டி வந்தது.

மார்ச் 10

பெங்களூரு அன்பர், தம் தகப்பனாரும் ஜெஃப்ரீஸ் கட்சி, மைக்ரோவேவ் அடுப்பை இன்னும் ஏற்கவில்லை என்கிறார். ஜெஃப்ரீஸ் கணக்குக் காட்டி மறுத்தார். உங்கள் அப்பாவும் கணக்குக் காட்டினால் சேர்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 16

படம் வெட்டும் கதையைச் சொல்கிறேன். இதைச் செய்யாத புவியியல் வாத்தியார் கிடையாது.

டிரேசிங் தாளை அட்லஸ் மேல் வைத்துத் தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் எடுக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி, பிளேடால் கரையோரமாக வெட்ட வேண்டும். பிறகு, "பொருத்து பார்ப்போம்". பிரேசிலின் மூக்கு கினி வளைகுடாவுக்குள் போய் உட்காரும். வகுப்பே "ஆ" என்னும். அந்த "ஆ"வுக்காகத்தான் ஒவ்வொரு ஆண்டும் இதைச் செய்வேன்.

ஒரு வருடம் மூன்றாம் பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் "ஆ" சொல்லவில்லை. அட்டை இரண்டையும் மேஜைமேல் வைத்து நகர்த்திக்கொண்டே இருந்தான். "சார், மேலே சேர்த்தால் கீழே பிளக்கிறது. கீழே சேர்த்தால் மேலே ஏறுகிறது" என்றான். நீ ஒழுங்காக வெட்டவில்லை என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். மாலையில் ஆசிரியர் அறையில் தனியாக நானே வெட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. கீழே ஒரு கையளவு ஆப்பு போல இடைவெளி.

ஜெஃப்ரீஸும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்: உருண்டையை ஒரு கணம் பார்த்தாலே பொருந்தவில்லை என்று தெரியும், 15 டிகிரி பிசகு என்று. என் மூன்றாம் பெஞ்சுப் பையனும் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஒரே கட்சி.

விடை பிறகு படித்தபோது கிடைத்தது. கண்டம் கடற்கரையில் முடிவதில்லை. கண்டத்திட்டு தண்ணீருக்கடியில் இன்னும் ஓடுகிறது, சரிவில்தான் முடிகிறது. கரையோரம் வெட்டினால், வேட்டியை மடித்துக்கொண்டு நீளம் அளப்பது போலத்தான். 1965இல் எட்வர்ட் புல்லார்டும் இரண்டு கூட்டாளிகளும் கேம்பிரிட்ஜ் கணினியில் 500 பாத்தம் ஆழக் கோட்டை, அதாவது சுமார் 900 மீட்டர் ஆழத்தை, விளிம்பாக வைத்து உருண்டைமேல் பொருத்தினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஜெஃப்ரீஸ் இருந்த அதே ஊரில்.

ஆனால் ஒரு வம்பு. அந்தப் படத்தில் ஐஸ்லாந்து இல்லை. மத்திய அமெரிக்கா இல்லை. நைஜர் ஆற்றுக் கழிமுகம் எதிர்க்கரைமேல் ஏறி நிற்கிறது. ஐஸ்லாந்து பிறகு முளைத்தது, கழிமுகம் பிறகு படிந்தது, ஆகவே தள்ளுபடி என்றார்கள். காரணம் சரியானதுதான். ஆனாலும் பொருந்தாததைத் தள்ளுபடி செய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, மூன்றாம் பெஞ்சுக்கு இல்லை என்றால் அது எங்கிருந்து வந்தது? தள்ளுபடிக்குத் தனியான, வேறு இடத்திலிருந்து வந்த காரணம் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். கழிமுகத்தின் வயதை மண்ணைத் தோண்டியே சொல்லலாம், கண்டம் நகர்ந்ததா என்று கேட்கத் தேவையில்லை. நான் பையனிடம் சொன்ன "நீ ஒழுங்காக வெட்டவில்லை" எந்த இடத்திலிருந்தும் வந்த காரணம் இல்லை.

மார்ச் 17

திருத்தம். ரேடியத்தால் கெல்வின் கவிழ்ந்தார் என்று 4ஆம் தேதி எழுதியதைப் பிடித்துக்கொண்டு இயற்பியல் அம்மையார் ஒருவர் வகுப்பே எடுத்துவிட்டார். ஒப்புக்கொள்கிறேன், அது பாடப்புத்தகக் கதை.

பூமி ஆறும் வேகத்தை வைத்து, கெல்வின் அதன் வயதை 2 கோடியிலிருந்து 4 கோடி ஆண்டு என்று கடைசியாகச் சொன்னது 1897இல். அவர் கணக்கின் அஸ்திவாரம், பூமி ஒரு திடமான உருண்டை, வெப்பம் இரும்புக் கம்பியில் போவதுபோல மெல்லக் கடந்து வெளியே வருகிறது என்பது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1895இல், அவரிடமே உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி ஆட்சேபித்தார். உள்ளே பாகு போலக் கொஞ்சம் புரண்டு கலந்தால் வெப்பம் அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும், அப்போது வயது 200 கோடி, 300 கோடி ஆண்டுகூட ஆகலாம் என்று கணக்கும் காட்டினார். ரேடியம் வருவதற்கு முன்பே! பிற்காலக் கணக்குகளின்படி கெல்வினின் பெரிய ஓட்டை பெர்ரி காட்டிய இடத்தில்தான் இருந்தது. ரேடியத்தின் வெப்பத்தைச் சேர்த்தாலும் கெல்வின் முறையில் விடை பெரிதாக மாறாது.

எனக்கு உறைத்தது வேறு. பெர்ரியின் "உள்ளே புரளும் பூமி" 1895இல் அச்சில் இருக்கிறது. வெகனருக்கு 1915இல் இல்லாமல் போனது அந்த விசைதான். 1920களின் கடைசியில் ஆர்தர் ஹோம்ஸ் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் வந்து, உள்ளே பாறை உலைநீர் போலப் புரள்கிறது, அதன்மேல் கண்டம் சவாரி போகிறது என்று சொன்னார். அதற்குள் வெகனருக்கு நாள் எண்ணியாகிவிட்டது. சாவி ஒரு வீட்டில், பூட்டு இன்னொரு வீட்டில்.

மார்ச் 23

இதை எழுதினால் வசவு வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். லெமூரியா.

1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஒரு சிக்கலில் மாட்டினார். குரங்கின் தூரத்துச் சொந்தமான லெமூர் மடகாஸ்கரில் ஏராளம். அதன் பங்காளிகள் ஆப்பிரிக்காவில் உண்டு, இந்தியாவிலும் உண்டு. நம் தேவாங்கு அந்தப் பங்காளிதான். 2022இல் தமிழக அரசு கடவூரில் சரணாலயம் அறிவித்ததே, அதே முட்டைக்கண் தேவாங்கு. நடுவே கடல். எப்படி வந்தன? முன்பு அங்கே ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும், மூழ்கிவிட்டது என்றார். லெமூரின் பெயரால் லெமூரியா.

அன்றைய அறிவுக்கு இது மூடத்தனம் இல்லை. ஆப்பிள் சுருங்கும்போது சில பாகம் மேலே மடிகிறது, சில பாகம் கீழே இறங்குகிறது. கண்டம் மூழ்குவது சாதாரணம். எட்வர்ட் சூஸ் என்ற ஆஸ்திரிய மேதை கோண்டுவானா என்று நம் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரை வைத்து எழுப்பியதும் இப்படிப் பாதி மூழ்கிய பெருங்கண்டம்தான்.

இப்போது வேடிக்கை. இந்தக் கருத்தை முறியடிக்கும் சான்று ஸ்கிளேட்டர் வாய் திறப்பதற்கு ஒன்பது ஆண்டு முன்பே அச்சேறியிருந்தது, அதுவும் இந்தியாவிலிருந்து. 1802இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் அடிப்படைக் கோடு அளந்து தொடங்கிய நில அளவை வடக்கே இமயத்தின் அடிவாரம்வரை போனது. கல்யாணா, கல்யாண்பூர் என்ற இரண்டு இடங்களுக்கு இடையே சங்கிலியும் கோணமும் சொன்ன தூரத்துக்கும் நட்சத்திரம் சொன்ன தூரத்துக்கும் 5.236 விகலை வித்தியாசம் (விகலை என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). தரையில் 160 மீட்டர். நட்சத்திரக் கணக்குக்குச் செங்குத்துக் காட்டும் தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுக்கிறது என்று ஊகித்து ஜான் பிராட் என்ற கல்கத்தாப் பாதிரியார் கணக்குப் போட்டால், வித்தியாசம் 15 விகலைக்கு மேல் வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. மலை பார்க்கும் அளவுக்குக் கனமில்லை! 1855இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் விடை சொன்னார்: மலைக்கு அடியில் லேசான பாறை வேர் போல இறங்கியிருக்கிறது, கனத்த பாறைமேல் மிதக்கிறது.

மிதக்கும் கண்டம் மூழ்காது. கட்டுமரத்தை அமுக்கிக் கடலடியில் உட்காரவைக்க முடியுமா? வெகனர் இதையே பிடித்துக்கொண்டு, கண்டங்களுக்கு நடுவே மூழ்கிய நிலம் பாலமாக இருந்தது என்ற நிலப்பாலக்காரர்களை மடக்கினார்: உங்கள் பாலம் மூழ்க முடியாது, ஆகவே கண்டங்கள்தான் விலகியிருக்க வேண்டும். இந்த இடத்தில் அவர் கை ஓங்கியிருந்தது. அவர்கள் அவருடைய விசையை மறுத்ததில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. ஆக, இரண்டு பக்கமும் எதிராளியின் தவறைச் சரியாகக் கண்டுபிடித்தன. தன் தவறை எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. நிலப்பாலம் 1930களிலும் ஓடியது, கொஞ்சம் ஒல்லியாக்கி, "இடுக்கு நிலம்" என்று பெயர் மாற்றி.

அறிவியலில் லெமூரியா செத்தது. நம்மிடம் சாகவில்லை. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுக்குள் போனதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அது ஒரு நினைவு, ஒரு துக்கம். அதை நான் தொடவில்லை. கடைசிப் பனிக்காலம் முடிந்து கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்ததும் உண்மை, கரைகள் போனதும் உண்மை. அந்தத் துக்கத்தோடு ஒரு வெள்ளைக்காரரின் குரங்குக் கணக்கை முடிச்சுப் போட்டதுதான் கோளாறு. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து 8 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. மனிதன் என்ற பேச்சே இல்லாத காலம். லெமூரின் மூதாதை மடகாஸ்கருக்குப் போனதே அதற்குப் பிறகுதான், வெள்ளத்தில் அடித்துப்போன மரங்களில் தொற்றிக்கொண்டு என்பது இப்போதைய பொதுக் கருத்து. அந்தக் குரங்குக்குப் பாலமே தேவைப்படவில்லை.

மார்ச் 24

வசவு வந்தது. மூன்று பேர், மொரீசியஸ் அடியில் கண்டம் கிடைத்த செய்தியை அனுப்பி "இப்போது என்ன சொல்கிறாய்" என்கிறார்கள். படித்தேன். 2013இலும் 2017இலும் மொரீசியஸில் அந்தத் தீவைவிட மிகப் பழைய, சிர்கான் என்ற கனிம மணிகள் கிடைத்தன. சில 300 கோடி ஆண்டுப் பழமை. இந்தியாவும் மடகாஸ்கரும் கிழிந்தபோது நடுவில் விட்டுப்போன சிறு துண்டு, எரிமலைக் குழம்புக்கு அடியில் கிடக்கிறது என்கிறார்கள். ஆக, மிதக்கும் துண்டும் மெலிந்து நீண்டால் தண்ணீருக்கடியில் போகும். நேற்று நான் கட்டுமரத்தை வைத்து அடித்த அளவுக்கு அது கறாரான விதி இல்லை. இந்த மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே புலவர்கள் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 2

பாண்டிச்சேரி நண்பர், அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் குன் சொன்ன "பாரடைம்" இல்லாமல் இந்தப் பேச்சே அரைகுறை என்கிறார். பழைய சட்டகத்தில் இருப்பவரும் புதியதில் இருப்பவரும் ஏறக்குறைய வெவ்வேறு உலகத்தில் வாழ்கிறார்கள், ஒரே வார்த்தையை வேறு பொருளில் பேசுகிறார்கள் என்பது குன்னின் கட்சி. அந்தப் புத்தகம் வந்தது 1962. கடலடி நடுவில் பிறந்து இருபுறமும் விரிகிறது என்று அமெரிக்க நிலவியலாளர் ஹாரி ஹெஸ் எழுதிய கட்டுரையும் அதே 1962. ஹெஸ் தம் கட்டுரையை "புவிக் கவிதை" என்று கூறிக்கொண்டார். அடக்கம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது முன்ஜாமீன் போலத் தோன்றுகிறது.

குன் வெகனர் காலத்துக்கு ஓரளவு பொருந்துகிறார். தென்னாப்பிரிக்காவில் சுத்தியலோடு திரிந்த டு டாய்ட் கண்டப்பெயர்ச்சியை நம்பினார், பிரேசிலுக்கே போய்ப் பாறையை ஒப்பிட்டார். இந்தியாவில் தால்ச்சேர் நிலக்கரிப் பகுதியில் பனியாறு உருட்டிய கற்களை 1856இலேயே அடையாளம் கண்டிருந்தார்கள். வேகிற ஒடிசாவில் பனியாறு! தாவரப் படிவங்களைப் படித்த பீர்பல் சாஹ்னி 1936இல் வெகனர் பக்கச் சான்றுகளை எடுத்துப் பேசினார். அமெரிக்காவின் இல்லினாயில் உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி. எந்த ஊர்ப் பாறையைத் தட்டினாய் என்பதே பாதிக் கொள்கையை முடிவு செய்தது.

ஆனால் 1960களுக்குக் குன் பொருந்தவில்லை. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்காகச் செய்த காந்தமானியையும் எதிரொலிக் கருவியையும் போர் முடிந்தபின் ஆய்வுக் கப்பல்கள் கடல் முழுக்க இழுத்துக்கொண்டு போயின. அந்த எண்களை நியூயார்க்கில் மேஜையில் உட்கார்ந்து படமாக்கியவர் மேரி தார்ப். பெண் என்று பல ஆண்டு கப்பலில் ஏற்றவில்லை. அட்லாண்டிக் நடுமலைத்தொடரின் உச்சியில் நீளமாக ஒரு பிளவு ஓடுவதை 1950களின் தொடக்கத்தில் பார்த்தார். கூட்டாளி புரூஸ் ஹீசன் "பொம்பளைப் பேச்சு" என்று தள்ளினார், அது கண்டப்பெயர்ச்சி போலத் தெரிந்ததால். பிறகு நிலநடுக்கப் புள்ளிகளை அதே அளவுப் படத்தில் வைத்தார்கள். பிளவுக்குள்ளேயே வரிசையாக விழுந்தன. ஹீசன் வாயை மூடினார். ஒப்புக்கொண்டாரா? பூமியே ஊதிப் பெரிதாகிறது என்றார்! மனிதன் மாறுவதற்கு முன் எத்தனை வாசல் தட்டுவான் பாருங்கள்.

1963இல் வைன், மேத்யூஸ் என்ற ஆங்கிலேயர் இருவர் சொன்னது: நடுப்பிளவில் குழம்பு மேலே வந்து உறையும்போது அந்த நேரத்துக் காந்தத் திசையைப் பிடித்துக்கொள்கிறது. பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாகும். ஆகவே கடலடியில் வரி வரியாக, பிளவின் இரு பக்கமும் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும், சேலையின் இரு கரை போல. இதையே தனியாகக் கண்டுபிடித்த கனடியர் லாரன்ஸ் மார்லியின் கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பின. விருந்தில் பேசத் தக்கது, அச்சிடத் தக்கதில்லை என்று ஒரு மதிப்பீட்டாளர் குறிப்பெழுதினாராம்.

எல்டானின் என்ற கப்பலின் 19ஆவது பயணத்தின் காந்த அளவீட்டுத் தாள் தென் பசிபிக்கிலிருந்து வந்தது. 1966இல் அதைப் பார்த்தவர்கள் செய்தது இதுதான்: வளைகோட்டை இடவலம் திருப்பி அசலுக்குக் கீழே வைத்தார்கள். மேடும் பள்ளமும் ஒன்றுக்கொன்று ஒத்தன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு. சேவியர் லெ பிஷான் என்ற இளைஞர் அப்போதுதான் கடலடி விரியவில்லை என்று ஆய்வேடு எழுதி முடித்திருந்தார். தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், தன் ஆய்வேட்டின் முடிவு தவறு என்று மனைவியிடம் சொன்னாராம். 1968இல் ஆறு பெரிய தட்டுகளின் நகர்வை உலகளவில் கணக்கிட்டவர் அவர்தான்.

மாற வேண்டியிருந்த லெ பிஷானுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இளைஞர்களுக்கும் பழைய கொள்கை இருக்கிறது. இதைப் பிளாங்க் கவனிக்கவில்லை. இரண்டு கட்சியும் ஒரே மேஜையில் ஒரே தாளைத்தான் பார்த்தது, வெவ்வேறு உலகத்தில் இல்லை. இதைக் குன் கட்சிக்காரர்கள் எனக்கு விளக்க வேண்டும்.

ஏப்ரல் 3

நேற்று நீளமாக எழுதிவிட்டுப் பெருமையாகப் படுத்தேன். காலையில் பெருமை இல்லை.

லெ பிஷான் மாறினார், வில்சன் மாறினார். நான் மாறினேனா? வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டில் பாடப்புத்தகம் புதிதாக வந்தது. கத்தரிக்காய் போய்விட்டது. தட்டுகள் வந்துவிட்டன. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதே கரும்பலகையில், அதே குரலில், அதே உறுதியோடு நடத்தினேன். ஒரு நாள் தூக்கம்கூடக் கெடவில்லை. ஒரு பையன் எழுந்தான். "சார், என் அண்ணனுக்கு வேறு மாதிரி நடத்தினீர்களாமே?" என்றான்.

நான் சொன்ன பதில்: "பாடத்திட்டம் மாறிவிட்டது. உட்கார்."

ஏப்ரல் 3, மாலை

எல்லோரும் அந்தப் பதிலுக்கு என்னை ஆறுதல்படுத்துகிறீர்கள். வேண்டாம். பிளாங்கின் வாக்கியம் எனக்குப் பொருந்துகிறதோ என்ற சந்தேகத்தில்தான் எழுதினேன். கிழவர்கள் சாவதால் மாறுவதாக அவர் சொன்னார். என் விஷயத்தில் ஒரு சுற்றறிக்கையால் மாறியது. யாரும் சாகக்கூடத் தேவைப்படவில்லை.

கடலடித் தாளைக் கையில் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் காரணத்தோடு மாறினார்கள். அவர்களை நம்பியவர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களை நம்பியவர்களை நம்பியவர்கள் என் போன்றோர். காரணம் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தி, எங்கள் வகுப்புக்கு வரும்போது வெறும் முடிவு மட்டும் வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 7

"அப்படியானால் உங்கள் நம்பிக்கைக்கும் லெமூரியாக்காரர் நம்பிக்கைக்கும் என்ன வித்தியாசம்?" நல்ல அடி. நான்கு நாளாக யோசிக்கிறேன்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு ஒருமுறை பையன்களோடு போனோம். மதிய வெயில், வெள்ளைத் தரை கண்ணைக் கூசியது. ஒருவன் கால் இடறி, நத்தை போலச் சுருண்ட ஒரு கல்லைத் தூக்கினான். அம்மோனைட். கடல் உயிர். கரை அங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். வளையங்களுக்கு நடுவில் ஓடும் தையல் கோடுகள் பூவேலை போல இருந்தன, நகத்தால் வருடினால் தட்டுப்பட்டன. இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து கிழிந்த விளிம்பில் உருவான பள்ளம்தான் காவிரிப் படுகை. அதற்குள் ஏறி வந்த கடலின் அடிச்சேற்றில் அது செத்துக் கிடந்தது. நான் பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர் அந்தக் கிழிசல் வழியாக ஓடுகிறது.

இந்தக் கல் தட்டுக் கொள்கையை நிரூபிக்கவில்லை. கடல் ஏறியது என்று மட்டும்தான் சொல்கிறது, சூஸும் அதை வைத்துக்கொண்டு ஒரு கதை சொல்லியிருப்பார். ஆனால் என்னால் போய்த் தட்டிப் பார்க்க முடிந்தது. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடித் துளையிடுகிறவர்கள் இந்தக் கிழிசலை நம்பி இன்ன இடத்தில் இன்ன ஆழம் என்று இறங்குகிறார்கள், பொய்யானால் பணம் போகும். வித்தியாசம் இதில் எங்கோ இருக்கிறது. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வரவில்லை.

ஏப்ரல் 8

அந்தக் கல் இப்போது எங்கே என்று கேட்டவருக்கு: தலைமையாசிரியர் மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்றபோதும் அங்கேதான் இருந்தது.

ஏப்ரல் 21

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "ஆக, ஆம் என்பதா இல்லை என்பதா?" என்கிறார். ஜெஃப்ரீஸுக்கு ஆம். வில்சனுக்கும் லெ பிஷானுக்கும் இல்லை. எனக்குக் கேள்வியே பொருந்தாது, நான் மாறுவதற்கு முதலில் ஒரு கொள்கையை வைத்திருந்திருக்க வேண்டும்.

நேற்று பரண்மேல் டிரங்குப் பெட்டியைத் தேடினேன். கல்யாணப் பத்திரிகை அட்டை இருக்கிறது, ஆசிரியர் அறையில் அன்று மாலை வெட்டியது. மூலையில் மணமகனின் பெயர் பாதி தெரிகிறது. கீழே அந்த ஆப்பு வடிவ இடைவெளியில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். என் கையெழுத்துதான், போட்டது நினைவில்லை. தூசி தட்டும்போது பசை விட்டுத் தென் அமெரிக்கா கழன்று விழுந்தது. பேத்தி எடுத்துக்கொண்டு போனாள், இன்னும் தரவில்லை.